'வான் பாயும்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'இரணைமடு வான் பாயும்.' இரணைமடு கிளிநொச்சியிலுள்ள பெரிய குளம், அது நிறைந்து மேலதிக நீர் வெளியேறுவதைத்தான் வான் பாய்தல் என்கிறோம். அங்கே இதை மூன்று பேர் மூன்று கருத்தில் சொல்லலாம். ஒருவர் மார்கழியில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறார். இன்னொருவர், இந்த முறை மழை கூட, அதனால் பாயும் என்று தன் கணிப்பைச் சொல்கிறார். மூன்றாமவர் கனகராயன் ஆற்றில் வரத்து ஏறியதையும் குளத்தின் மட்டத்தையும் நேரே பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். தமிழில் மூவருக்கும் ஒரே வினை போதும். ஆங்கிலத்தில் முதலாமவர் "த டேங்க் ஸ்பில்ஸ் இன் டிசம்பர்" என்பார். இரண்டாமவர் "ஐ திங்க் இட் வில் ஸ்பில் திஸ் இயர்" என்பார். மூன்றாமவர் "இட்ஸ் கோயிங் டு ஸ்பில்" என்பார். மூன்றையும் "வில்" போட்டே சொன்னால் கேட்பவருக்கு ஓரளவு விளங்கும். ஆனால் மூன்றாமவர் கண்ணால் கண்டுவிட்டு வந்தவர் என்பது அந்த வசனத்தில் இருக்காது.

பாடசாலையிலும் ரியூசனிலும் மூன்று கட்டம் போட்ட அட்டவணையில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று எழுதி, எதிர்காலத்துக்கு நேரே "வில்" என்று போட்டுக் கற்பிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்கால உருவம் என்று ஒன்று கிடையாது. "வோக்" என்பது "வோக்ட்" ஆகி இறந்தகாலம் காட்டும். எதிர்காலம் காட்ட அப்படி ஒரு விகுதி இல்லை. அந்த வேலையை "கேன்", "மே", "மஸ்ட்" போன்ற துணைவினைகளில் ஒன்றான "வில்" செய்கிறது. "கோயிங் டு" செய்கிறது. நிகழ்கால வடிவங்கள் இரண்டும் செய்கின்றன. எதை எடுப்பது என்பதை நடக்கப்போகும் செயல் தீர்மானிப்பதில்லை. அந்தச் செயல் பேசுகிற நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இப்போதுதான் முடிவெடுத்தோமா, முன்னமே எடுத்துவிட்டோமா, இன்னொருவரோடு பேசி ஒழுங்கு செய்தாயிற்றா, நேர அட்டவணையில் அச்சடித்துக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் களைய வேண்டிய பிழை, எதிர்காலமே இல்லாத இடத்தில் "வில்" போடுவது. தமிழில் 'உம்', 'ஆர்', 'அன்' என்று முடிகிற எதிர்கால வினை வழக்கத்தையும் சொல்லும். 'அப்பா விடிய நாலு மணிக்கு எழும்புவார், தேத்தண்ணி குடிச்சிட்டு வயலுக்குப் போவார்.' இது நாளைய செய்தி இல்லை, அன்றாட நடப்பு. இதை அப்படியே "மை ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபோர், ஹி வில் கோ டு த ஃபீல்ட்" என்று எழுதும் மாணவர்கள் நிறையப் பேர். வாசிக்கிறவர் நாளைக்கு என்ன விசேஷம் என்று யோசிப்பார். வழக்கம் என்றால் "கெட்ஸ் அப்", "கோஸ்" என்ற சாதாரண நிகழ்காலம்தான். 'முந்தி மாட்டு வண்டியிலதான் மாங்குளத்துக்குப் போவம்' என்ற பழைய வழக்கத்துக்கும் "வில்" வராது. "யூஸ்ட் டு கோ" அல்லது "வுட் கோ" வரும். தமிழ் வசனத்தில் 'வழக்கமா' என்ற சொல்லை நுழைத்துப் பாருங்கள். பொருள் மாறாமல் பொருந்தினால் அங்கே "வில்" வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. எங்கள் பேச்சுத்தமிழ் வாக்குறுதியையும் உடனடி முடிவையும் நிகழ்காலத்தில் சொல்லும். 'பிறகு எடுக்கிறன்', 'நாளைக்குத் தாறன்', 'நான் கேட்டுச் சொல்லுறன்.' இதை மனதில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசும்போது "ஐ கால் யூ லேட்டர்", "ஐ கிவ் யூ டுமாரோ", "ஐ டெல் யூ" என்று வந்துவிடுகிறது. அலுவலகத் தொலைபேசியில் ஒரு நாளில் எத்தனையோ தடவை கேட்கக்கூடிய பிழை இது. சரியானது, "ஐ வில்" என்பதைச் சுருக்கி, "ஐல் கால் யூ லேட்டர்", "ஐல் கிவ் இட் டு யூ டுமாரோ", "ஐல் லெட் யூ நோ." "ஐம் காலிங் யூ லேட்டர்" என்று திருத்துவதும் பொருந்தாது, அது வேறு வடிவம், வேறு வேலை. பேசிக்கொண்டிருக்கும்போதே எடுக்கிற முடிவு, தாமாக முன்வந்து செய்கிற உதவி, கொடுக்கிற வாக்கு ஆகிய மூன்றுக்கும் "வில்"தான் சரியான இடம். வாசலில் ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டால் "ஐல் கோ அண்ட் ஸீ." தண்ணீர்க் குடத்தோடு ஒருவர் நடந்து வருவதைக் கண்டால் "ஐல் கேரி தட்."

இந்த இடங்களில் "ஐ வில்" என்று இரண்டு சொல்லாக அழுத்திச் சொல்வது தமிழ் பேசுவோரிடம் வழக்கம். அழுத்திச் சொன்ன "வில்" ஆங்கிலக் காதுக்கு, யார் மறித்தாலும் செய்தே தீருவேன் என்ற பிடிவாதமாக விழும். சாதாரணப் பேச்சில் அது "ஐல்", "வீல்", "ஹீல்", "தேல்" என்று முன் சொல்லோடு ஒட்டிச் சுருங்கும். வாயைப் பழக்க வேண்டியது இந்தச் சுருக்கத்துக்குத்தான்.

"கோயிங் டு" இரண்டு இடங்களுக்கு உரியது. முன்னமே மனதில் எடுத்த முடிவு ஒன்று. கண்முன் இருக்கும் அறிகுறி மற்றது. முதலாவதுக்கு 'போறன்' போட்ட தமிழ் அழகாக ஒத்துவரும்: 'இந்த முறை உளுந்து போடப் போறன்' என்றால் "ஐம் கோயிங் டு க்ரோ உளுந்து திஸ் டைம்." பேசுவதற்கு முன்னமே முடிவு இருந்தது என்பதை அது சொல்கிறது. பக்கத்துக் காணிக்காரர் 'விதை உளுந்து மலிவாக் கிடக்கு' என்று சொல்ல, அந்த இடத்திலேயே யோசித்து 'அப்ப நானும் போடுறன்' என்றால் அது "ஐல் க்ரோ இட் டூ." விதைக்கப்படுவது ஒரே உளுந்துதான், முடிவு பிறந்த நேரம்தான் வேறு. இதைத் தவறவிட்டால் எப்படித் தோன்றும் என்பதற்கு ஓர் உதாரணம். 'மண்ணெண்ணெய் முடிஞ்சுது' என்று ஒருவர் சொல்ல, "ஓ, ஐம் கோயிங் டு பை சம்" என்று பதில் சொன்னால், எனக்கு அது முன்னமே தெரியும், வாங்கத்தான் வெளிக்கிடுகிறேன் என்று ஆகும். இப்போதுதான் அறிந்தவர் சொல்ல வேண்டியது "ஐல் பை சம்."

அறிகுறியை வைத்துச் சொல்வதில் மழை நல்ல பாடம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், முல்லைத்தீவுப் பக்கம் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து 'மழை வரப்போகுது, நெல்லை அள்ளுங்கோ' என்கிற நேரத்தில் "இட்ஸ் கோயிங் டு ரெயின்" தவிர வேறு வடிவம் பொருந்தாது. "இட் வில் ரெயின்" அந்த இடத்தில் வானிலை அறிவித்தல் வாசிப்பது போல ஒலிக்கும். இன்றைக்கு வானம் வெளித்திருக்க, அடுத்த கிழமையைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவர் "ஐ திங்க் இட் வில் ரெயின் நெக்ஸ்ட் வீக்" என்பார். "ஐ திங்க்", "ப்ராபப்ளி", "ஐம் ஷுவர்" போன்றவை பக்கத்தில் வந்தால் "வில்" இயல்பாக உட்காரும். வெறும் கணிப்புகளில் இரண்டுமே சரியாக வருகிற இடங்கள் நிறைய உண்டு, அங்கே தலையைப் பிய்க்க வேண்டியதில்லை. அறிகுறி கண்முன் இருக்கும்போதும் முடிவு முன்னமே எடுக்கப்பட்டபோதும்தான் வேறுபாடு உயிரோடு இருக்கிறது. அந்த நொடியில் நடக்கவிருப்பதற்கு "அபவுட் டு" கூர்மையானது: "த பஸ் இஸ் அபவுட் டு லீவ்." அதோடு "டுமாரோ", "அட் சிக்ஸ்" என்று நேரம் சேர்க்கக் கூடாது.

கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் பேசும் சொந்தங்களிடமிருந்து எங்கள் பிள்ளைகள் "கோயிங் டு" என்பதைச் சுருக்கிய "கனா"வைப் பிடித்துக்கொள்கிறார்கள். பேச்சில் அது நல்லதுதான். ஆனால் அதன் பின்னால் வினைச்சொல் வர வேண்டும். "ஐம் கனா ஸ்டடி" சரி. "ஐம் கனா கலம்போ" பிழை, ஏனென்றால் இடத்துக்குப் போவதைச் சொல்லும் "கோயிங் டு" அப்படிச் சுருங்காது. பரீட்சைத் தாளிலும் விண்ணப்பத்திலும் "கனா" எழுத வேண்டாம்.

அடுத்தது "ஐம் மீட்டிங்", "வி ஆர் லீவிங்" என்கிற தொடர் நிகழ்காலம். இன்னொருவரோடு பேசி, நாளும் நேரமும் குறித்து, ஒழுங்கு செய்து முடித்தவற்றுக்கு இது. "ஐம் மீட்டிங் த டிவிஷனல் செக்ரெட்டரி ஆன் மன்டே" என்றால் பிரதேச செயலகத்தில் நேரம் எடுத்தாயிற்று என்று பொருள். "ஐம் கோயிங் டு மீட்" என்றால் சந்திக்கும் எண்ணம் இருக்கிறது, நேரம் எடுத்தாரோ தெரியாது. "ஐல் மீட் ஹிம்" என்றால் இப்போதுதான் அந்த எண்ணமே வந்தது, அல்லது யாருக்கோ வாக்குக் கொடுக்கிறார். ஒரு வேலையை நம்பி இன்னொருவர் வவுனியாவிலிருந்து பஸ் ஏறி வருவதானால் இந்த மூன்றுக்கும் இடையிலான தூரம் சிறியது இல்லை.

இந்த வடிவத்தோடு நேரச்சொல் ஒன்று அருகில் இருக்க வேண்டும், அல்லது பேச்சின் போக்கில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இப்போது நடந்துகொண்டிருப்பதாகிவிடும். மனிதர் ஒழுங்கு செய்ய முடியாதவற்றுக்கும் இது ஆகாது. "இட்ஸ் ரெயினிங் டுமாரோ" பிழை, மழையோடு யாரும் நேரம் பேசி வைப்பதில்லை.

நேர அட்டவணைக்கும் நாட்காட்டிக்கும் சாதாரண நிகழ்காலம். "த ட்ரெயின் லீவ்ஸ் கிளிநொச்சி அட் சிக்ஸ்." "த எக்ஸாம் ஸ்டார்ட்ஸ் ஆன் மன்டே." "த மடு ஃபீஸ்ட் இஸ் ஆன் ஆகஸ்ட் 15." ஒருவருடைய விருப்பத்தால் மாறாத, பொதுவில் குறித்துவிட்ட விடயங்கள் இவை. அந்த ரயிலில் நீங்கள் போவது உங்கள் ஒழுங்கு, ஆகவே "ஐம் டேக்கிங் த சிக்ஸ் ஓ'க்ளொக் ட்ரெயின், இட் லீவ்ஸ் அட் சிக்ஸ் ஷார்ப்" என்று ஒரே மூச்சில் இரண்டு வடிவமும் வரும்.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது "வென்", "பிஃபோர்", "ஆஃப்டர்", "அன்டில்", "ஆஸ் ஸூன் ஆஸ்", "இஃப்" தொடங்கும் பகுதியில். 'அவர் வரேக்க நான் சொல்லுவன்' என்பதில் இரண்டு செயலும் எதிர்காலம் என்பதால் இரண்டிலும் "வில்" போட்டு "வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்" என்கிறார்கள். ஆங்கிலத்தில் எதிர்காலக் குறி தலைமை வசனத்தில் ஒருமுறை போதும். சார்ந்து நிற்கும் பகுதியில் நிகழ்காலம்: "வென் ஹி கம்ஸ், ஐல் டெல் ஹிம்." தமிழே இதற்கு ஒரு பிடி தருகிறது. 'மழை விட்டதும் பசளை எறிவம்', 'மழை விட்டால் எறிவம்' என்கிறோம். 'விட்டதும்', 'விட்டால்' இரண்டிலும் எதிர்கால உருவம் இல்லை, 'எறிவம்' ஒன்றில்தான் இருக்கிறது. ஆங்கிலமும் அப்படித்தான்: "வென் த ரெயின் ஸ்டாப்ஸ், வீல் புட் த ஃபெர்டிலைஸர்." முதல் வேலை முழுதாக முடிந்தாக வேண்டும் என்று அழுத்த வேண்டுமானால் "வென் த ரெயின் ஹேஸ் ஸ்டாப்ட்" என்று எழுதலாம்.

இதற்கு இரண்டு விலக்கு. 'பஸ் எப்ப வரும் எண்டு தெரியாது' என்பதில் 'எப்ப' கேள்விச் சொல். அது இன்னொரு செயலின் நேரத்தைக் குறிக்கவில்லை. அங்கே "ஐ டோன்ட் நோ வென் த பஸ் வில் கம்" சரி. "கால் மி வென் த பஸ் கம்ஸ்" என்பதில் "வில்" வராது. தமிழில் 'எப்ப' வருகிற இடத்தில் போடலாம், 'வரேக்க', 'வந்ததும்' வருகிற இடத்தில் போடக் கூடாது என்று நினைவில் வைத்தால் போதும். மற்ற விலக்கு, "இஃப் யூ வில் வெயிட் ஹியர், ஐல் கால் த ஆபிசர்" என்ற வகை. இங்கே "வில்" எதிர்காலம் காட்டவில்லை, தயவுசெய்து இருக்கச் சம்மதமானால் என்ற மரியாதையைக் காட்டுகிறது.

விருப்பம் காட்டுவதுதான் இந்தச் சொல்லின் ஆதி வேலை. பழைய ஆங்கிலத்தில் அது 'விரும்பு' என்ற பொருளுள்ள வினை, எதிர்காலம் காட்டும் பயன்பாடு அதிலிருந்து வளர்ந்தது. மறுத்துச் சொல்லும்போது அந்தப் பழைய பொருள் இன்றும் வெளியே தெரியும். தண்ணி இறைக்கும் மெசின் எத்தனை தரம் இழுத்தாலும் 'ஸ்டார்ட் வரமாட்டன் எண்டு நிக்குது' என்கிறோம். ஆங்கிலமும் "வில் நொட்" என்பதைச் சுருக்கி "த பம்ப் வோன்ட் ஸ்டார்ட்" என்கிறது. இது நாளைய செய்தி இல்லை, இப்போதைய மறுப்பு. பிள்ளை சாப்பிட மாட்டன் என்றால் "ஷி வோன்ட் ஈட்." நேற்றைய மறுப்பானால் "வுடின்ட்."

"ஐ ஷால், வி ஷால்" என்று படித்த மூத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. தன்மைக்கு "ஷால்", மற்றவற்றுக்கு "வில்" என்ற அந்த விதியை 1653இல் ஜோன் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் காணலாம். இன்றைய ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய வழக்கிழந்துவிட்டது. "ஷால்" உறுதியாக நிற்பது இரண்டு இடத்தில். 'கேற்றைப் பூட்டட்டோ?' என்று அனுமதி கேட்கும் "ஷால் ஐ க்ளோஸ் த கேட்?" ஒன்று. ஒப்பந்தம், சட்ட விதி போன்றவற்றில் கடமையைச் சொல்லும் "த கொன்ட்ராக்டர் ஷால் கம்ப்ளீட்" மற்றது. அந்தப் பத்திரங்களில் அதை எதிர்காலமாக வாசித்துவிடக் கூடாது. அது கட்டாயம்.

இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து பரீட்சிக்கப்படும் இடம் மாணவர் விசா நேர்முகம். 'அங்க போய் என்ன செய்யப் போறீர்?' என்ற கேள்விக்கு "ஐ வில் கோ, ஐ வில் ஸ்டடி, ஐ வில் ஸ்டே, ஐ வில் கம் பேக்" என்று அடுக்கினால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எல்லாம் இப்போதுதான் யோசித்துச் சொல்வது போல, ஒழுங்கு எதுவும் செய்யாதவர் போலத் தோன்றும். உள்ளதை உள்ளபடி வடிவத்தில் ஏற்றினால் பதில் இப்படி அமையும்: "மை கோர்ஸ் ஸ்டார்ட்ஸ் ஆன் செப்டெம்பர் 8. ஐம் ஸ்டேயிங் வித் மை அன்ட் ஃபோர் த ஃபர்ஸ்ட் மன்த். ஐம் கோயிங் டு ஸ்பெஷலைஸ் இன் அக்கவுண்டிங். ஐ திங்க் இட் வில் ஹெல்ப் மி ஃபைன்ட் வேர்க் பேக் ஹோம்." தொடங்கும் திகதி கல்லூரியின் அட்டவணை. மாமியோடு தங்குவது பேசி வைத்த ஒழுங்கு. கணக்கியல் எடுப்பது தன் முடிவு. வேலை கிடைக்கும் என்பது தன் கணிப்பு. விசா கிடைப்பதற்கு வினை வடிவம் மட்டும் போதாதுதான். ஆனாலும் எது உறுதி, எது எண்ணம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரிடம் அடுத்த கேள்வி குறுக்காக வராது.

எழுத்தில் நிலைமை வேறு. நிறுவனத் திட்ட அறிக்கை, பாடசாலை அறிவித்தல், கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கடிதம் போன்றவற்றில் "வில்" நடுநிலையான வடிவம்: "த டீம் வில் கண்டக்ட் 12 ட்ரெயினிங் செஷன்ஸ்." அதை "இஸ் கோயிங் டு கண்டக்ட்" என்று மாற்றினால் பேச்சுத் தொனி வந்துவிடும். மேலே சொன்ன வேறுபாடுகளைப் படித்துவிட்டு அறிக்கை முழுவதும் "வில்"லை வெட்டித் தள்ளுகிறவர்கள் உண்டு, அது வேண்டாத வேலை. உத்தியோகபூர்வமான ஒழுங்குக்கு "இஸ் டு" என்ற வடிவமும் உண்டு: "த மினிஸ்டர் இஸ் டு ஓப்பன் த பில்டிங்." பத்திரிகைத் தலைப்பில் "இஸ்" உதிர்ந்து "மினிஸ்டர் டு ஓப்பன்" என்று நிற்கும்.

எச்சரிக்கைகளில் மட்டும் இரட்டிப்புக் கவனம் தேவை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியதைக் கண்டவர்களுக்கு வான்கதவு அறிவித்தல் ஒன்றின் பாரம் தெரியும். "த கேட்ஸ் வில் பி ஓப்பன்ட் அட் சிக்ஸ் திஸ் ஈவினிங்" என்றால் நேரமும் செயலும் உறுதி. "மே பி ஓப்பன்ட்" என்றால் திறக்கலாம், திறக்காமலும் விடலாம். "த கேட்ஸ் ஓப்பன் அட் சிக்ஸ்" என்று எழுதினால் ஒரு காரியாலயம் நாளாந்தம் திறக்கும் நேரத்தைப் போல வாசிக்கப்படும். தாழ்நிலத்தில் இருப்பவர் மாட்டை அவிழ்ப்பதா, சாமானை உயர்த்துவதா என்று முடிவெடுப்பது இந்த ஒரு சொல்லை வைத்துத்தான்.

இன்னும் இரண்டு வடிவம். "வில் பி டூயிங்" குறித்த நேரத்தில் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும்: "அட் டென் டுமாரோ வீல் பி ஹார்வெஸ்டிங்", அதாவது பத்து மணிக்கு அறுத்துக்கொண்டிருப்பம், அப்போது வந்தால் வயலில்தான் காணலாம். இதே வடிவம் பணிவாகக் கேட்கவும் உதவும். லான்ட்மாஸ்டரை (இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை) இரவல் கேட்க நினைக்கிறவர் "வில் யூ யூஸ் இட் டுமாரோ?" என்றால் அது பாவிக்கச் சொல்லிக் கேட்பது போலவும் விழலாம். "வில் யூ பி யூஸிங் இட் டுமாரோ?" என்றால் நாளைக்கு உங்களுக்கு அது வேலையில் நிற்குமோ என்று மட்டும் அறிகிற கேள்வி. இல்லை என்று பதில் வந்தால் அடுத்ததைக் கேட்கலாம்.

"வில் ஹேவ் டன்" குறித்த நேரத்துக்குள் முடிந்திருப்பதைச் சொல்லும். 'தை முடியேக்க காலபோகம் வெட்டி முடிச்சிருப்பம்' என்றால் "பை த என்ட் ஆஃப் த மன்த் வீல் ஹேவ் ஃபினிஷ்ட் த ஹார்வெஸ்ட்." இதில் "பை" என்ற சொல்லை "அன்டில்" என்று மாற்றிவிடக் கூடாது. தமிழில் 'இருப்பார்' அனுமானத்துக்கும் வரும், ஆங்கிலத்திலும் வரும்: 'அவர் இப்ப வவுனியா போய்ச் சேந்திருப்பார்' என்பது "ஹீல் ஹேவ் ரீச்ட் வவுனியா பை நௌ." இங்கே எதிர்காலமே இல்லை.

கடைசியாக, நடக்காமல் போன எதிர்காலம். 'நேற்று வரத்தான் இருந்தனான், ஆறு ஏறிட்டுது' என்பதை "ஐ வுட் கம் எஸ்டர்டே" என்று சொன்னால் கருத்து விழாது. நினைத்தும் முடியாமல் போனதற்கு "ஐ வாஸ் கோயிங் டு கம் எஸ்டர்டே, பட் த ரோட் வாஸ் அன்டர் வோட்டர்" என்பதே வடிவம். யாரோடாவது நேரம் குறித்துவிட்டு முறிந்ததானால் "ஐ வாஸ் மீட்டிங் ஹிம் எஸ்டர்டே, பட் ஹி கேன்சல்ட்." ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது "வில்" "வுட்" ஆகும்: "ஹி செட் ஹி வுட் கம்." அவர் வந்தாரா இல்லையா என்பதை அந்த வசனம் சொல்லாது. அதை அடுத்த வசனத்தில் நாமாகத்தான் எழுத வேண்டும்.